கடைமடைக்கு வருமா கடன் நிதி?

தோழனே!

மேட்டூரில் மதகு திறந்தால் போதுமா? காரைக்காலில் நாற்று நனைய வேண்டாமா? அரசலாறு கடலைத் தொடும் கடைமடையில் வாழும் உனக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. "திறந்துவிட்டோம்" என்று அறிவிப்பார்கள்; "வந்து சேர்ந்ததா?" என்று கேட்பவன் நீ. தண்ணீருக்குக் கேட்ட அதே கேள்வியை, ஏழைக்கு வீடு என்ற பெயரால் பாயும் பொதுப் பணத்துக்கும் கேட்டாக வேண்டும்.

வீடு கட்டி விற்பவர்களுக்கு அரசு கடன் கொடுப்பதா என்று நீ சினந்தெழக்கூடும். சினத்தை ஒரு கணம் நிறுத்தி, கணக்கைப் பார். ஒரு வீட்டுக்கு 10 இலட்சம் ரூபாயை, நூற்றுக்கு 15 வட்டிக்கு, ஈராண்டுக்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள். வட்டி மட்டும் 3 இலட்சம். பொது நிதி நூற்றுக்கு 7 வட்டிக்குக் கொடுத்தால், 1 இலட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 1 இலட்சத்து 60 ஆயிரம்! மீனவன் வாங்கும் வீட்டின் விலையில் அந்த மிச்சம் குறைந்தால், கொடுத்த கடன் அறம். கட்டியவர் பையில் விழுந்தால், ஊரார் பணத்தில் ஒருவர் கொழுத்த கதை! மானியம் ஒருமுறை போனால் போனதுதான்; கடனோ திரும்பி வந்து மறுவீடு கட்டும். ஆகவே, கடன் வேண்டும், கடிவாளத்தோடு வேண்டும்.

கடன் தரும் நிறுவனங்கள் இல்லாமலில்லை. 1970இல் டில்லியில் ஹட்கோ பிறந்தது. 2020இல், தமிழ்நாடு உறைவிட நிதியத்தின் பங்கு முதலுக்காக 3 கோடியே 50 இலட்சம் டாலர் தர உலக வங்கி ஒப்பியது. தனியார் முதலையும் மலிவு வீட்டின் பக்கம் திருப்புவது அதன் நோக்கம். ஆனால் அது தமிழ்நாட்டின் நிதியம். நமக்கோ வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர் எல்லை! மூன்று பக்கம் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். 1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. நம் நிர்வாகமோ இன்றும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், புதுச்சேரியில்.

டில்லியின் திட்டமாவது நம் அளவுக்குத் தைக்கப்பட்டதா? 2015ஆம் ஆண்டின் நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், கூட்டு முயற்சியில் வீடு கட்டும் பிரிவொன்று வகுத்தார்கள். ஏழையின் வீடொன்றுக்கு ஒன்றரை இலட்சம் உதவி. நூற்றுக்கு 35 வீடுகளாவது ஏழைகளுக்கு என்றார்கள், நன்று! ஒரு திட்டத்தில் 250 வீடுகளாவது வேண்டும் என்றும் விதித்தார்கள். 2011 கணக்கின்படி மாவட்டம் முழுவதற்குமே இரண்டு இலட்சம் மக்கள்! கோட்டுச்சேரியிலும் நிரவியிலும் முப்பது வீடு, நாற்பது வீடு கட்டக்கூடிய உள்ளூர்க் கொத்தனாரும் கூட்டுறவுச் சங்கமும் அந்த வாயிலுக்குள் நுழைவது எப்படி? அது மானியத்துக்கு இட்ட விதி. நாளை கடன் நிதிக்கும் அதே விதி வந்தால், பணம் பெருநகரிலேயே தேங்கும்.

வியன்னா நகரைப் பார்! 1923இல் வீட்டு வரி விதித்தது. செல்வர் மாளிகைக்குக் கூடுதல் வரி, தொழிலாளிக்குக் குடியிருப்பு. 1934க்குள் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1995 முதல், நகரின் உதவிக் கடன் கேட்கும் கட்டுநர்கள் போட்டியில் நிற்கிறார்கள். வரைபடத்தையும் செலவையும் நடுவர் குழுவின் முன் வைத்து, வென்றால்தான் கடன். பணம் மக்களுடையது, நிபந்தனையும் மக்களுடையது!

2004 டிசம்பர் 26 நினைவிருக்கிறதல்லவா? கடல் பொங்கிக் குப்பங்களை வாரிச் சென்ற நாள். உறுதியான சுவர் நமக்கு ஆடம்பரமா? உயிர்க்காப்பு!

எனவே, கிளைக் கூட்டந்தோறும் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக்கு. புதுச்சேரி அரசு காரைக்காலுக்கெனக் கடன் நிதியொன்றை ஒதுக்கட்டும். முப்பது வீட்டுத் திட்டத்துக்கும் அதில் இடமிருக்கட்டும். விற்பனை விலையை முன்கூட்டியே எழுதி வாங்கி, கட்டடம் எழ எழப் பணம் தரட்டும். ஏழைக்கு ஒதுக்கிய வீடு பணக்காரர் கைக்கு மாறாதபடி, வீடு பெற்றோர் பட்டியலை ஊரறிய ஒட்டட்டும்.

முப்பது தொகுதிகள் கொண்ட சட்டமன்றத்தில் நம் மாவட்டத்துக்கு ஐந்து. ஐவரையும் கேள், அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே கேள். மதகு திறந்த சேதி நமக்கு வேண்டாம். கடைமடை நனைந்த சேதி வரும்வரை கேட்டுக்கொண்டேயிரு!