கோட்டுக்கு வெளியே நிற்கும் போத்தல்

சம்பளம், காணி, வீடு, சேமலாப நிதி என்று நமது சங்கக் கூட்டங்களில் பேசுவதற்கு விடயங்கள் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் நடப்பதைப் பற்றிப் பேச நேரம் வருவதில்லை. "அது விளையாட்டு விடயம், இளைஞர் கழகம் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுகிறோம். உதைபந்தாட்டப் போட்டி நடக்கும் இடத்தில் குடிப்பது சங்கமும் பேச வேண்டிய விடயம் என்பது என் கருத்து. எந்தக் காரணத்தால் அப்படிச் சொல்கிறேன் என்பதைத் தோழர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது வல்வெட்டித்துறை. உத்தியோகம் பார்த்தது மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளில். ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகும் இந்த இதழ் எனக்குத் தபாலில் வருகிறது. இரண்டு இடத்து மைதானங்களையும் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பாக்குநீரிணையை நீந்திக் கடந்த ஆனந்தனைத் தந்த ஊர் வல்வெட்டித்துறை. விளையாட்டு இங்கே பொழுதுபோக்கு மாத்திரமல்ல, ஊரின் மானம். அதிலும் உதைபந்தாட்டம் என்றால் கடலுக்குப் போய் வந்தவர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை கோட்டோரம் வந்து நிற்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்புவார்கள். மின்னொளியில் இறுதியாட்டம் நடக்கும்போது ஒலிபெருக்கியில் கேட்கும் அறிவித்தல்களில் ஒன்று, மதுபோதையில் மைதானத்துக்குள் வரவேண்டாம் என்பது. அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதிலேயே நிலைமை விளங்கும். மைதானத்துக்குள் வராத போத்தல், மதிலுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் திறக்கப்படுகிறது. மறுநாள் காலையில் வெறும் போத்தல்களையும் பிளாஸ்டிக் கோப்பைகளையும் பொறுக்குவது சிறுவர்கள்.

மலையகத்திலும் இதே காட்சிதான். மதிலுக்குப் பதிலாகத் தேயிலை மலை. சம்பளம் போட்ட கையோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் கூட்டமும் அதிகம், போத்தலும் அதிகம். கோல் கொடுத்ததா, ஓப்சைடா என்று தொடங்குகிற வாய்த்தர்க்கம் டிவிசனுக்கு டிவிசன் சண்டையாக முடிகிறது. அடுத்த வாரம் பெரட்டுக் களத்தில் ஒருவரையொருவர் முகம் பார்க்காமல் நிற்கிறார்கள். சம்பளப் போராட்டத்துக்கு இரண்டு டிவிசனும் ஒன்றாக வரவேண்டிய நேரத்தில் பழைய கிரவுண்டுச் சண்டை குறுக்கே வந்து நிற்கிறது.

இதைச் சொன்னால் இளைஞர்கள் எனக்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "சேர், வெள்ளைக்காரன் நாட்டில் பியர் குடித்துக்கொண்டுதானே மெட்ச் பார்க்கிறான்!" தொலைக்காட்சியைப் பார்த்து உண்டான எண்ணம் இது. கிளாஸ்கோ நகரில் 1980 மே 10ஆம் திகதி ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதியாட்டம் முடிந்ததும் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்டார்கள். அதே வருடத்தில் ஸ்கொட்லாந்து மைதானங்களுக்குள் மதுவைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் 1985இல் ஒரு சட்டம் வந்தது. பெரிய கழகங்களின் ஆட்டங்களில், ஆடுகளம் கண்ணில் தெரியும் இடத்தில் இருந்து குடிப்பது அங்கே குற்றம். குடிக்கிறவர் இருக்கைப் பக்கத்தை விட்டு உள்ளே போய்த்தான் குடிக்க வேண்டும்.

2022இல் கட்டாரில் உலகக் கிண்ணம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மைதானங்களைச் சுற்றிப் பியர் விற்பதை நிறுத்தினார்கள். பெரிய ஆரவாரம் எழுந்தது. ஆட்டங்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் இரசிகர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரித்தானியப் பொலிஸ் சொன்னது. நமக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. வெயிலில் நின்று அந்த மைதானங்களைக் கட்டியவர்கள் நம்மைப் போன்ற ஏழை நாடுகளிலிருந்து போன தொழிலாளர்கள். பியர் இல்லை என்பதற்கு எழுந்த சத்தத்தில் பாதியாவது அவர்களுடைய சம்பளத்துக்கும் உயிருக்கும் எழுந்திருக்கலாம்.

ஜெர்மனியில் மைதானத்திலேயே பியர் விற்கிறார்கள் என்பதும் உண்மைதான். மறைக்கத் தேவையில்லை. அங்கே ஆளுக்கொரு இருக்கை, வாசலில் சோதனை, உள்ளே காவலர், அம்புலன்ஸ், ஆட்டம் முடிந்ததும் ரயில் என்று எல்லாம் இருக்கிறது. நமது கிரவுண்டுக்குப் பக்கத்தில் இருப்பது லயம். குடித்தவர் நேராகப் போய்ச் சேரும் இடம் அந்தப் பத்தடி அறை.

பெண் தோழர்கள் இந்த இடத்தில் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002, 2006, 2010 உலகக் கிண்ணக் காலங்களில் லங்காஷயர் பொலிஸில் பதிவான முறைப்பாடுகளை எடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்து அணி வென்ற, அல்லது சமநிலையில் முடித்த நாட்களில் வீட்டு வன்முறை முறைப்பாடுகள் 26 வீதம் கூடியிருந்தன. தோற்ற நாட்களில் 38 வீதம் கூடியிருந்தன. வென்றாலும் அடி, தோற்றாலும் அடி. லயத்தில் இதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை. ஒரு காம்பராவில் விழுகிற அடி அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்து மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கும். எத்தனையோ பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

காசுக் கணக்கையும் பாருங்கள். 2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்காக எத்தனை வருடம் நடந்தோம், எத்தனை மறியல் இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கால் போத்தல் சாராயம் இன்றைக்கு என்ன விலை என்று உங்கள் நகரத்துக் கடையில் விசாரித்து, அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். துரைமாருடன் வருடக்கணக்காக வாதாடி எடுத்ததை ஒரு பின்னேரத்தில் பார்க்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறோம். அதில் ஒரு பங்கு வரியாக அரசாங்கத்துக்கும் போகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, "தோட்டத்து ஆட்கள் குடித்தே கெட்டார்கள்" என்று முடித்தால் அது பெரிய அநியாயம். அந்த வசனத்தை நூற்றைம்பது வருடமாக நமக்கு எதிராகச் சொல்லி வருகிறார்கள். சம்பளம் கூட்டிக் கேட்டால், "கூட்டிக் கொடுத்தால் குடிப்பார்கள்" என்பார்கள். மலையில் ஒருவர் விழுந்து அடிபட்டால் முதல் கேள்வி, "குடித்திருந்தானா?" ரதல்லையிலும் தரவளையிலும் துரைமார் கிளப்புகள் இருந்தன. விளையாட்டும் நடந்தது, பாரும் திறந்திருந்தது. அவர்கள் குடித்ததை யாரும் ஒரு இனத்தின் குணம் என்று எழுதவில்லை.

இந்தப் பழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதைபந்தாட்டத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் அணியின் இரசிகர்கள் செத்தார்கள். மொத்தம் 97 உயிர். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களின் நகரம். இரசிகர்கள் குடித்துவிட்டு வந்ததால்தான் இது நடந்தது என்று பொலிஸ் கதை பரப்பியது. பத்திரிகை அதைக் கொட்டை எழுத்தில் போட்டது. செத்துப்போன சிறுவர்களின் இரத்தத்தைக்கூட மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். பொலிஸ் கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதே முக்கிய காரணம் என்று நீதிபதி டெய்லர் அந்த வருடமே எழுதினார். பழி மட்டும் போகவில்லை. தாய் தகப்பன்மார் 27 வருடம் போராடினார்கள். 2016இல்தான் மரண விசாரணை ஜூரிகள், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், இரசிகர்கள்மீது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

தோழர்களே, ஹில்ஸ்பரோவில் இருந்து நான் எடுக்கும் பாடம் இது. உழைக்கும் சனத்தின்மீது எதையாவது சுமத்த வேண்டும் என்றால் முதலில் கைக்கு எட்டுவது "குடிகாரர்" என்ற சொல். கோட்டோரம் நாமே போத்தலோடு நின்றால் அந்தச் சொல்லைத் தேடிப் பிடிக்கும் வேலைகூட அவர்களுக்கு இல்லை. நாளைக்குக் கிரவுண்டில் மண்மேடு சரிந்தாலும், கம்பி வேலியில் மின்சாரம் பாய்ந்தாலும், நிர்வாகத்தின் பிழையை மூடுவதற்கு அந்த வெறும் போத்தல் போதும்.

அதனால் மைதானத்தைப் போத்தல் இல்லாத இடமாக வைத்திருக்க வேண்டும் என்கிறேன். அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம். பொலிஸையோ துரையையோ கூப்பிட்டால் அவர்கள் கிரவுண்டையே பூட்டிவிட்டுப் போவார்கள். நமது முன்னோருக்கு இது புதிதல்ல. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது தோட்டத் தொழிலாளர் மத்தியிலும் பேசினார், யாழ்ப்பாணத்திலும் பேசினார். இரண்டிடத்திலும் மதுவைப் பற்றிப் பேசினார். அந்தக் காலத்தில், தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர்ச்சனம் வாக்களித்து முடிவுசெய்யச் சட்டத்தில் வழி இருந்தது. யாழ்ப்பாணத்தில் பல தவறணைகள் அப்படித்தான் மூடப்பட்டன. மரம் ஏறிக் கள் இறக்குகிறவரும் ஒரு தொழிலாளி என்பதை அன்றைக்குப் பலர் மறந்தார்கள். நாம் மறக்க வேண்டாம். அவருடைய பிழைப்பில் கைவைப்பது நமது நோக்கமில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. கிரவுண்டில் குடிப்பது பற்றித் தோட்டக் கமிட்டி கூட்டம் போட்டு வாக்கெடுக்க வேண்டும். பெண்களும் அதில் வாக்களிக்க வேண்டும். அவர்கள் இல்லாத முடிவு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் நிற்காது.

சுற்றுப்போட்டிக்குப் பணம் சேர்க்கும்போது பார்க்காரரிடம் போவதை நிறுத்த வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுவகைகளுக்கு விளம்பரம் செய்வதையும், அவற்றின் பெயரில் விளையாட்டுக்கு அனுசரணை கொடுப்பதையும் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதும் அதே சட்டப்படி குற்றம். நமது அணிகளில் ஆடுகிறவர்களில் எத்தனை பேர் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வென்ற அணிக்கு "பார்ட்டி போட" என்று கையில் காசு கொடுக்கும் பழக்கத்தையும் விட்டு, சப்பாத்தும் பந்தும் வாங்கிக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்.

கோட்டோரம் பிளேன்டியும் கடலையும் வடையும் விற்கும் கடையை மாதர் குழுவுக்குக் கொடுங்கள். வருகிற இலாபம் லயத்துக்குள்ளேயே நிற்கும். அம்மாமார் நிற்கும் இடத்தில் போத்தல் திறக்கப் பலருக்குக் கூச்சம் வரும்.

யாராவது குடித்துவிட்டு வந்தால் அடிக்க வேண்டாம், படம் பிடித்து முகநூலில் போடவும் வேண்டாம். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய், அவர் தூங்கும்வரை வாசலில் இருக்கட்டும். வீட்டுப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டு வரக்கூடாது. தெளிந்த பிறகு பேசலாம். குடியை விட முடியாமல் தவிக்கிறவருக்கு வைத்தியம் தேவை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் சங்க வேலைதான்.

"உழைத்த உடம்பு, ஒரு சந்தோசத்துக்குக் குடிக்கிறோம்" என்று கேட்பவருக்கும் என்னிடம் கோபமில்லை. ஆறு நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றவருக்குச் சந்தோசம் வேண்டும். அந்தச் சந்தோசத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே நடக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் தன் மகன் பந்தைக் கொண்டு ஓடுவதைத் தெளிந்த கண்ணோடு பார்க்கிற தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். வாக்கெடுப்பில் வந்த முடிவு எதுவானாலும் இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். வேண்டாம் என்று வாக்களித்தவர்களின் காரணங்களையும் சேர்த்து அனுப்புங்கள். எல்லாத் தோட்டங்களும் படிக்கட்டும்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வல்வெட்டித்துறை