பத்தொன்பது கேள்வியும் ஒரு நர்சம்மாவும்

"ஆட்டிசம்னா என்னன்னே தெரியாத நர்சுங்களை வச்சுக்கிட்டு என்னத்தப் பண்றது?"ன்னு போன வாரம் டீக்கடையில ஒரு நண்பர் அலுத்துக்கிட்டார். நல்ல மனுஷன், விவரம் தெரிஞ்சவர். ஏதோ ஆய்வுல படிச்சாராம். எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அங்க சொல்ல முடியாததை இங்க கொட்டிடறேன், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல, இந்தத் 'தெரியாது' என்பதை எப்படி அளக்கிறார்கள்? 2008ல நைஜீரியாவைச் சேர்ந்த பாகரே என்ற மனநல மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். மொத்தம் 19 கேள்வி, சரியான பதிலுக்கு ஒரு மார்க். அதற்கப்புறம் வேறு பல நாடுகளிலும் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அளக்க ஒரு கோலே இல்லாத இடத்தில் ஒரு கோல் செய்தார்கள், அதுக்கு ஒரு சலாம். ஆனா அந்தக் கோலை உள்ளே பிரிச்சுப் பாருங்க. மற்றவர்களோடு பழகுவது பற்றி 8 கேள்வி, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் பற்றி 4, ஆட்டிசம் எந்த வகைக் குறைபாடு, கூட என்னென்ன வரலாம் என்று 6. பேச்சுக்கு? ஒண்ணே ஒண்ணு! நம்ம ஊர்ல எந்த அம்மாவும் "புள்ள இன்னும் பேசல"ன்னுதான் முதல்ல வந்து நிப்பாங்க.

இன்னொண்ணு. அறிகுறிகளை வரிசையா எழுதி "இது இருக்குமா?"ன்னு கேட்டா, பெரும்பாலும் "இருக்கும்"னு டிக் அடிச்சாலே மார்க் விழுந்துடும். பரீட்சை எழுதிப் பழகின நமக்கு இதெல்லாம் சொல்லியா தரணும் :-)

இப்ப என் கதை. அக்கா வீடு சிங்கப்பெருமாள் கோவில்ல, ஒரகடம் ரோட்டை ஒட்டின ஒரு சந்து. மாமாவுக்கு கம்பெனியில ஷிஃப்ட். பையனுக்கு ஒன்றரை வயசு ஊசி போட்டப்ப கிராம சுகாதார செவிலியர் (எங்களுக்கு நர்சம்மா) அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பல. கையில ஒரு டப்பா மூடி, அதைச் சுத்தி விட்டுக்கிட்டே இருந்தான். "காது கேக்குதாம்மா? வேணுங்கறதை விரல் நீட்டிக் காட்டறானா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னதும், "குழந்தை டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க"ன்னாங்க. ஆட்டிசம்ங்கற வார்த்தையே அந்தம்மா கேள்விப்பட்டதில்லை. அந்த 19 கேள்வியைக் கொடுத்திருந்தா கண்டிப்பா ஃபெயில்.

காட்டினோம். பேர் வேண்டாம், ஒரு தனியார் கிளினிக். "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, நாலு வயசு வரைக்கும் பாருங்க." சுவத்துல மூணு பட்டம் தொங்குது. அவர் பரீட்சையில பாஸ் ஆகியிருப்பார்னு நினைக்கிறேன். பக்கத்து போர்ஷன்ல ஒடிசாக் குடும்பம், அதனால "ரெண்டு பாஷை காதுல விழுது, குழம்பறான்"னு தெருவே தீர்ப்பு சொல்லிச்சு. அக்கா பாடலாத்ரி நரசிம்மரைச் சுத்தி சுத்தி வந்தா. ரெண்டு வருஷம் போச்சு. எந்த ரெண்டு வருஷம்? பயிற்சி அதிகம் கைகொடுக்கிற அதே ரெண்டு வருஷம்.

எம்-சாட்டுன்னு ஒரு சோதனைத் தாள் இருக்கு. 16லிருந்து 30 மாதக் குழந்தைகளுக்காகப் பெற்றோரிடம் கேட்பது. பேர் சொன்னா திரும்பறானா, விரல் நீட்டறானா என்பதெல்லாம் அதில் உள்ள கேள்விகள்தான். நர்சம்மா அதைப் படிக்காமலே கேட்டிருக்காங்க! நம்ம தடுப்பூசி அட்டவணையில தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது டோஸும் முத்தடுப்பு பூஸ்டரும் 16லிருந்து 24 மாதத்துக்குள்ள. அதாவது, சரியான வயசுல குழந்தை தானா நர்சம்மா மடியில வந்து உக்காருது. இதைவிட என்ன வேணும்?

அரசாங்கத் திட்டம் இல்லையான்னா, இருக்கு. 2013ல வந்த ஆர்.பி.எஸ்.கே.யில பார்க்க வேண்டிய 30 குறைபாடுகள்ல ஆட்டிசமும் உண்டு. குழுக்கள் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வரணும். சரி, இந்த ரோட்டுல வாடகைக்கு இருக்கிற எத்தனை குழந்தைங்க அங்கன்வாடிக்குப் போகுது? எங்க பையன் போகல. 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் கிடையாது, 2016 சட்டத்தில் வந்துவிட்டது. இருபது வருஷமா அரசாங்கமே அந்தச் சட்டத்தில் எழுதாத ஒரு பேரை நர்சம்மா தெரிஞ்சு வச்சிருக்கணுமாம். என்ன நியாயம் சார் இது?

"அப்ப அளக்கவே வேண்டாமா?"ன்னு பின்னூட்டத்துல வராதீங்க. அளங்க. மார்க்கை அளக்காதீங்க. ரெண்டு குழந்தைங்க விளையாடற வீடியோவைக் காட்டி "இதுல யாரை மேல அனுப்புவீங்க?"ன்னு கேளுங்க. மூணு வயசுக்குள்ள எத்தனை பேரை அனுப்பினாங்க, அதுல எத்தனை பேரை டாக்டருங்க "ஒண்ணுமில்ல"ன்னு திருப்பி அனுப்பினாங்கன்னு எண்ணுங்க. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, பெற்றோர் மூலமா ஆட்டிசக் குழந்தைகளுக்கு உதவ வைத்துப் பார்த்தார்கள். 2016ல முடிவு வந்தது. பெற்றோர் குழந்தையோடு பழகும் விதம் மேம்பட்டிருந்தது. ஆக, ஆள் பிரச்சினை இல்லை.

போன மாசம் நர்சம்மாவைப் பார்த்தேன். பையனை விசாரிச்சாங்க. சொன்னேன். "அதுக்குப் பேர் என்ன தம்பி?"ன்னு கேட்டு, ரிஜிஸ்டர் கடைசிப் பக்கத்துல 'ஆட்டிசம்'னு எழுதிக்கிட்டாங்க. எழுதி முடிச்சு நிமிர்ந்து, "இதே மாதிரி இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. எங்க அனுப்பணும்?"

கைப்பேசியை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன்.