முழுமையாகக் கேட்டல்

கேட்டலின் சிறப்பை உணர்ந்த வள்ளுவர், 'கேள்வி' எனத் தனி அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது சான்றோர்தம் சொற்களைக் கேட்டல். இசையைக் கேட்பதற்கும் அத்தகைய பொறுமை தேவைப்படுகிறது.

ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறும் மாணவர் சிலர், அம்பத்தூர் வருவதற்குள் கைப்பேசியில் ஐந்தாறு பாடல்களைத் தொட்டுவிடுகின்றனர். பல்லவி முடியுமுன்பே விரல் அடுத்த பாடலுக்குத் தாவுகிறது. விரும்பியதை விரும்பியபோது கேட்கும் வசதி வரவேற்கத்தக்கதே. ஆயினும், தொகுப்பாகப் படைக்கப்பட்ட இசையை ஒருமுறையேனும் தொடக்கம் முதல் இறுதி வரை கேட்டல் வேண்டும்.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நீள்இசைத்தட்டோ, ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இடமளித்தது. எதை முதலில் வைப்பது, எதில் முடிப்பது என்பதும் படைப்பின் கூறாயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிலிருந்து பிறந்த புளூஸ் இசையில் இதற்குச் சான்று உண்டு. பி.பி. கிங் 1964இல் சிகாகோ நகரின் ரீகல் அரங்கில் நிகழ்த்திய கச்சேரியின் பதிவில், பாடலுக்குப் பாடல் மக்களின் ஆரவாரம் கிளர்ந்தெழுகிறது. நடுவே ஒரு பாடலை மட்டும் எடுத்துக் கேட்பவர் அந்த எழுச்சியை உணர இயலாது.

நம் மண்ணிலும் சான்று உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்னும் கருவியிசைத் தொகுப்பை வெளியிட்டார்; அதனைத் தியாகராஜருக்கும் செருமானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். பாக் மறைந்தது 1750இல். தியாகராஜர் பிறந்தது 1767இல். காலத்தால் சந்திக்க இயலாத இருவர் இத்தொகுப்பில் சந்திக்கின்றனர். 'என் இல்லத்தில் பாக்கைச் சந்தித்தேன்' எனப் பொருள்படும் பகுதியில், பாக் வயலினுக்கென எழுதிய இசையோடு வி.எஸ். நரசிம்மனின் வயலின் இழைகிறது. 'நாங்கள் உரையாடினோம்' என்பது அடுத்த பகுதியின் பொருள். சந்திப்பைத் தவறவிட்டவருக்கு உரையாடல் எங்ஙனம் விளங்கும்?

எல்லாத் தொகுப்புகளும் இவ்வாறு அமைவதில்லை என்பது உண்மையே. திரைப்படப் பாடல்கள் கதைச் சூழலுக்கேற்பத் தனித்தனியே பிறப்பவை. அவற்றைத் தெரிந்தெடுத்துக் கேட்பதில் குறையில்லை. வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் நிறையும் கச்சேரியையோ, ஒரே எண்ணத்தால் கோக்கப்பட்ட தொகுப்பையோ துண்டாக்கினால் பொருள் சிதையும்.

தொழிற்பேட்டை எந்திரங்களும் பூந்தமல்லி நெடுஞ்சாலை வாகனங்களும் ஓயாது ஒலிக்கும் புறநகரில், முக்கால் மணி நேரம் ஒன்றையே கேட்பது எளிதன்று. முதலில் பிடிக்காத பகுதியையும் கடந்து செல்ல வேண்டியிருக்கும். அப்பகுதியே பின்னர் நெஞ்சில் நிலைப்பதும் உண்டு. இசையை இறுதிவரை கேட்கப் பழகியவர், எதிரே இருப்பவரின் பேச்சையும் இடைமறிக்காமல் கேட்கக் கற்றுக்கொள்வார். அப்பயிற்சி இன்றைய இளையோர்க்கு இன்றியமையாதது.