மறுக்க இடம் தரும் ஆய்வேடு

நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ‘அறியமுடிகிறது’, ‘பெறப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களுக்குப் பஞ்சமில்லை. யார் அறிந்தது, எதிலிருந்து பெறப்பட்டது என்று தேடினால்தான் கிடைக்காது. இதை ஆய்வு நடை என்று வேறு சொல்லிக்கொடுக்கிறோம். தாமிரபரணிக் கரையில் நல்ல ஆய்வெழுத்து அப்படி இருந்ததில்லை.

நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை (1917–1980) பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தினார். 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் கும்பிடப்படும் பட்டவராயனின் கதை அது. பிராமணனாகப் பிறந்தவன், அருந்ததியர் வீட்டு அக்கா தங்கையான பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்களே என்று வில்லுப்பாட்டில் ஒரு பகுதி சொல்லும். சாதி மீறிய மணத்தின் உறுத்தலைத் தணிக்கப் பின்னால் சேர்த்தது அது என்றார் வானமாமலை. கதைப்பாடலையே அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டதால், ஏற்காதவர் அதைப் புரட்டி அவரோடு மல்லுக்கு நிற்கலாம். எதிராளிக்கும் சான்றை எடுத்துக் கொடுப்பதுதான் ஆய்வெழுத்துக்கு நான் வைக்கும் முதல் தகுதி. மொழிச் செறிவெல்லாம் அதற்குப் பிறகு.

நெல்லைச் சீமையில் பிறந்த எஸ். வையாபுரிப் பிள்ளை, பழைய நூல்களின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியதற்காக வாங்கிய வசவு கொஞ்சமல்ல. அவர் சொன்ன காலங்கள் பலவற்றை நானும் ஏற்பதில்லை. ஆனால், எந்தச் சொல்லை வைத்து, எந்த வடமொழி நூலோடு ஒப்பிட்டு அந்த முடிவுக்கு வந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த வரிகளைப் பிடித்துத்தான் அவரை மறுக்க முடிகிறது.

பாளையங்கோட்டை தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ முனைவர் பட்டத்துக்கு எழுதியதுதான். 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கோயிலோடு கள்ளருக்கும் இடையருக்கும் உள்ள உறவை, ஏட்டோடு நிற்காமல் ஆட்களிடம் கேட்டு எழுதினார். எளிதாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயமுறுத்தும் நெறியாளர்கள் அதைப் படித்திருப்பார்களா, தெரியவில்லை.

ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்கச் சொல்லி 2009இல் யுஜிசி விதி வகுத்தது. நூலக அலமாரியில் கிடந்தவை இப்போது ‘சோத்கங்கா’ தளத்தில் திறந்து கிடக்கின்றன. அம்பாசமுத்திரத்து வில்லுப்பாட்டுக்காரர் கைப்பேசியிலேயே படிக்கலாம். தன்னிடம் வாங்கிப் போன பாட்டின் கீழே ஊரும் பாடிய நாளும் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். கையெழுத்துப் போடும் முன் நெறியாளர் அந்த வாசகரையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.