மின்சாரக் காரில் வேலைக்குப் போனால் மிச்சமா? பதில் வீட்டு மீட்டரில் இருக்கிறது

மின்சாரக் கார் என்றால் பெரும்பாலும் லட்சம் ரிங்கிட் அளவிலோ அதற்கு மேலோ என்றிருந்த நிலை 2025ஆம் ஆண்டின் இறுதியில் மாறியது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் தேதி புரோட்டோன் நிறுவனம் அறிமுகப்படுத்திய இ.மாஸ் 5 காரின் தொடக்க விலை 60,000 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1ஆம் தேதி, பெரோடுவா தனது முதல் மின்சாரக் காரான கியூ.வி.-இ-யை 80,000 ரிங்கிட்டுக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் பேட்டரி விலை சேரவில்லை. பேட்டரிக்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை தனியாகக் கட்ட வேண்டியிருந்தது.

பணக்காரர்களின் வாகனமாக இருந்த ஒன்று, தொழிற்சாலை மேற்பார்வையாளரும் அரசாங்க ஊழியரும் கடன் போட்டு வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியிருக்கிறது. "இனி பெட்ரோல் செலவே இல்லை" என்ற பேச்சும் கூடவே பரவியிருக்கிறது. ஒன்பது ஆண்டுக் கடனில் கையெழுத்திடும் முன், அந்தப் பேச்சு எந்த அளவுக்கு உண்மை என்று ஒரு குடும்பம் கணக்குப் பார்ப்பது நல்லது. மிச்சம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது கார் மட்டுமல்ல. இரவில் அந்தக் கார் எங்கே நிற்கிறது என்பதும்தான்.

1.99 ரிங்கிட் என்னும் அளவுகோல்

மின்சாரக் காரின் சிக்கனத்தைப் பெட்ரோல் விலையோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும். மற்ற நாடுகளில் மின்சாரக் கார் பெரும் மிச்சம் தருவதற்கு முக்கியக் காரணம் அங்குள்ள பெட்ரோல் விலை. மலேசியாவில் 2025 செப்டம்பர் 30 முதல் பூடி 95 திட்டத்தின் கீழ், மைகாட்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் மாத ஒதுக்கீடு 300 லிட்டர். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் சந்தை விலையைத்தான் கொடுக்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது அது 2.60 ரிங்கிட்.

பெட்ரோல் இவ்வளவு மலிவாக இருக்கும் வரை, மின்சாரக் கார் வெல்ல வேண்டிய போட்டி கடினமானது.

இரண்டு பயணங்கள், ஒரு கணக்கு

ஒருவர் வேலைக்கு ஒரு வழி 30 கிலோமீட்டர் செல்வதாக வைத்துக் கொள்வோம். கிள்ளான் வட்டாரத்தில் இருந்து கோலாலம்பூருக்கு வருவோரின் தூரம் ஏறக்குறைய இதுதான். மாதம் 22 நாள் வேலை என்றால் 1,320 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சிறிய பெட்ரோல் கார் இதற்கு 88 லிட்டர் குடிக்கும். மானிய விலையில் செலவு 175 ரிங்கிட்.

இதே தூரத்தைச் சிறிய மின்சாரக் கார் ஒன்று கடக்க, குளிர்சாதனமும் சார்ஜ் ஏற்றும்போது வீணாவதும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் மின்சாரம் என்று கொண்டால், மாதம் சுமார் 200 யூனிட் தேவை.

சிரம்பானில் இருந்து கோலாலம்பூருக்கு வருபவருக்கு ஒரு வழி 60 கிலோமீட்டருக்குக் குறையாது. அவருக்கு எல்லாமே இரட்டிப்பு. பெட்ரோலுக்கு மாதம் 350 ரிங்கிட், மின்சாரமென்றால் 400 யூனிட்.

டோல் கட்டணம் இரண்டு வகைக் காருக்கும் ஒன்றுதான் என்பதால் அது இந்தக் கணக்கில் சேரவில்லை. அடுத்த கேள்வி, அந்த 200 அல்லது 400 யூனிட்டின் உண்மையான விலை என்ன என்பது.

பில்லில் இருக்கும் படிக்கட்டு

பலரும் தவறவிடும் இடம் இது. 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய மின்கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்போகாத வீடுகளுக்கு எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு ஆகிய மூன்று கட்டணங்களும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென் ஆகிறது. ஆனால் மாதம் 1,000 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்குச் சிக்கன ஊக்கத் தொகையாக ஒரு கழிவு உண்டு. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குக் கழிவு அதிகம். 200 யூனிட் வரை பயன்படுத்தினால் யூனிட்டுக்கு 25 சென், 400 யூனிட் என்றால் 17 சென், 600 யூனிட் என்றால் 9 சென், 800 யூனிட் என்றால் 4 சென்.

அந்தக் கழிவு மொத்தப் பயன்பாட்டுக்கும் ஒரே விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. எனவே காருக்காக யூனிட் கூடும்போது, காருக்கான மின்சாரத்துக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே விளக்குக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் செலவான மின்சாரத்துக்கும் கழிவு குறைகிறது. 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்து கொள்ளும்.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் குடும்பத்தின் பில் சுமார் 110 ரிங்கிட். யூனிட்டுக்கு 27 சென்தான். இதை வைத்து "காருக்கு 200 யூனிட், 55 ரிங்கிட் போதும்" என்று கணக்கிடத் தோன்றும். ஆனால் 600 யூனிட்டுக்கு வரும் பில் சுமார் 213 ரிங்கிட். கார் கூட்டிய செலவு 103 ரிங்கிட், அதாவது யூனிட்டுக்கு 51 சென். சிரம்பான் பயணிக்கு 400 யூனிட் 800 ஆகும்போது பில் ஏறக்குறைய 340 ரிங்கிட்டை எட்டுகிறது. கூடுதல் செலவு 230 ரிங்கிட்.

ஆக, கிள்ளான் பயணிக்கு மாத மிச்சம் சுமார் 72 ரிங்கிட். சிரம்பான் பயணிக்குச் சுமார் 120 ரிங்கிட். மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டுத் தொகையும் சிறு வரிகளும் இதைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

வீட்டில் குளிர்சாதனம் அதிகம் ஓடி ஏற்கெனவே 700 யூனிட் செலவாகிறது என்றால், கிள்ளான் பயணியின் மிச்சம் 50 ரிங்கிட்டாகச் சுருங்கும். மாறாக, 200 யூனிட்டில் சிக்கனமாக வாழும் சிறு குடும்பத்துக்கு அதுவே 100 ரிங்கிட்டைத் தொடும்.

ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேரவாரிக் கட்டண முறைக்கு மாற டி.என்.பி.யிடம் விண்ணப்பிக்கலாம். அதில் வேலை நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எரிசக்திக் கட்டணம் சற்றுக் கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் சற்றுக் குறைவு. இரவு பத்துக்குப் பிறகு சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால் மாதம் பத்து ரிங்கிட் அளவுக்கு மிஞ்சும்.

வெளியில் சார்ஜ் போட்டால்

வீட்டில் வசதி இல்லாதவர் பொது நிலையங்களை நம்ப வேண்டும். அங்கே விரைவு சார்ஜுக்கு யூனிட் ஒரு ரிங்கிட்டுக்கு மேல். 1.30 ரிங்கிட் என்று வைத்துக் கொண்டால்:

- கிள்ளான் பயணிக்கு மாதம் 260 ரிங்கிட். பெட்ரோலுக்கு 175 ரிங்கிட்.
- சிரம்பான் பயணிக்கு மாதம் 520 ரிங்கிட். பெட்ரோலுக்கு 350 ரிங்கிட்.

இருவருக்குமே பெட்ரோல் கார்தான் மலிவு. பேரங்காடிகளில் உள்ள மெதுவான சார்ஜ் யூனிட் 90 சென் அளவில் கிடைத்தாலும் கிள்ளான் பயணிக்கு 180 ரிங்கிட் ஆகும். பெட்ரோல் செலவுக்கு ஏறக்குறைய சமம், காத்திருக்கும் நேரம் மட்டும் கூடுதல்.

2025 இறுதிக்குள் நாடு முழுவதும் 10,000 பொது சார்ஜ் இடங்கள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. அது எட்டப்படவில்லை, எண்ணிக்கை ஏறக்குறைய பாதியில்தான் நின்றது. இருப்பவற்றில் பெரும்பகுதி கிள்ளான் பள்ளத்தாக்கு, ஜொகூர், பினாங்கு ஆகிய இடங்களில். உட்புறத்துச் சிறு பட்டணங்களிலும் தோட்டப்புறங்களிலும் வாழ்வோருக்குப் பக்கத்து நிலையம் என்பது பல நேரங்களில் அடுத்த பட்டணத்தில் இருப்பது.

வீடு யாருடையது?

மின்சாரக் காரின் மிச்சம் முழுவதும் வீட்டு மீட்டரில்தான் இருக்கிறது. வாசலில் கார் நிறுத்த இடமுள்ள தரை வீட்டுக்காரருக்கு அது எளிது. நம் சமுதாயத்தில் கணிசமானோர் அப்படி வாழவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்களில் பல, மலிவு விலை அடுக்குமாடிகளில்தான் குடியேறின. ஐந்தாவது மாடியில் இருக்கும் மீட்டரில் இருந்து கீழே நிற்கும் காருக்குக் கம்பி இழுக்க முடியாது. அங்கே கார் நிறுத்தும் இடமே முதலில் வருபவருக்குத்தான்.

கார் நிறுத்துமிடம் பொதுச் சொத்தாக இருக்கும் அடுக்குமாடிகளில், சார்ஜ் கருவி பொருத்துவதற்குக் கூட்டு நிர்வாக அமைப்பான ஜே.எம்.பி.யின் அனுமதி வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தையே வசூலிக்கத் திணறும் நிர்வாகங்களுக்கு இது முதல் வேலையாக இருக்காது. தோட்ட லைன் வீடுகளிலும் நிறுவனக் குடியிருப்புகளிலும் வாழ்வோருக்கு வீடே சொந்தமில்லை. வயரிங்கில் கை வைக்க நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

சொந்த வீட்டுக்காரரும் அவசரப்படக் கூடாது. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 9 யூனிட் போதும். சாதாரண மூன்று முள் பிளக்கில் நான்கைந்து மணி நேரத்தில் ஏறிவிடும். பிரச்சினை நேரமல்ல, வயர். நாற்பது ஆண்டுப் பழைய வயரிங்கில், இரவு முழுக்க அதிக மின்சாரம் ஓடினால் பிளக் சூடேறும். நீட்டிப்பு வயரில் சார்ஜ் போடுவது தீ விபத்தை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துத் தனி இணைப்பு போட்டுக் கொள்வதே முறை. நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓடுவோருக்குச் சுவரில் பொருத்தும் கருவி தேவைப்படும். கருவியும் கூலியுமாகச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். அந்தச் செலவுக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை 2,500 ரிங்கிட் வரையிலான வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் வருமான வரி கட்டும் நிலையில் இல்லாதவருக்கு அந்த விலக்கால் பயனில்லை.

தவணை விழுங்கும் மிச்சம்

மாதம் 72 ரிங்கிட்டோ 120 ரிங்கிட்டோ மிச்சமாவது நல்லதுதான். அதைப் பெற எவ்வளவு கூடுதல் கடன் வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்பது ஆண்டுக் கடன், ஆண்டுக்கு 2.5 விழுக்காடு நிலையான வட்டி என்று கொண்டால், கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு 10,000 ரிங்கிட்டுக்கும் மாதத் தவணை 113 ரிங்கிட் ஏறும். 40,000 ரிங்கிட் பெட்ரோல் கார் போதும் என்றிருந்தவர், மிச்சத்தை நம்பி 60,000 ரிங்கிட் மின்சாரக் காருக்குத் தாவினால் தவணை மட்டும் 227 ரிங்கிட் கூடும். மேலே கண்ட இரண்டு மிச்சத்தையும் அது விழுங்கிவிடும்.

எப்படியும் 60,000 ரிங்கிட்டுக்கு ஒரு பெட்ரோல் கார் வாங்கப் போகிறவர், அதே விலையில் மின்சாரக் காரை எடுத்தால் மிச்சம் முழுமையாகக் கையில் நிற்கும். என்ஜின் எண்ணெய், ஸ்பார்க் பிளக் போன்ற பராமரிப்புச் செலவும் இல்லை. 2026 ஜனவரி 1 முதல் மின்சாரக் கார்களுக்கும் சாலை வரி திரும்பியிருந்தாலும், மோட்டாரின் ஆற்றலைப் பொறுத்து 20 ரிங்கிட்டில் தொடங்கும் அந்த வரி சிறிய கார்களுக்குப் பெரிய சுமையல்ல. டயர், பிரேக், காப்புறுதி ஆகியவை இருக்கவே செய்யும். பல நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதம் எட்டு ஆண்டு. கடனோ ஒன்பது ஆண்டு. கடைசி ஆண்டில் உத்தரவாதமில்லாத பேட்டரிக்குத் தவணை கட்டிக் கொண்டிருப்போம் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு இந்தக் கணக்கே வேறு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் மோட்டாருக்குக் கிள்ளான் பயணத்தின் மாதச் செலவு 60 ரிங்கிட்டைத் தாண்டாது. அவர்கள் காருக்கு மாறுவது மழைக்காகவும் பாதுகாப்புக்காகவும் இருக்கலாம், சிக்கனத்துக்காக இருக்க முடியாது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நிலையத்துக்கு அருகில் வீடும் வேலையும் உள்ளவருக்கு மாதம் 50 ரிங்கிட் மை50 அட்டையோடு எந்தக் காரும் போட்டியிட முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

விற்பனைக் கூடத்துக்குப் போகும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இரவில் கார் நம் மீட்டருக்கு எட்டும் இடத்தில் நிற்குமா? கடைசி மூன்று மாத மின்கட்டண பில்லில் யூனிட் எவ்வளவு? இந்தக் கார் இல்லாவிட்டால் என்ன விலையில் கார் வாங்கியிருப்போம்? முதல் கேள்விக்கு "இல்லை" என்றால், மற்ற இரண்டையும் கேட்கத் தேவையில்லை.

மின்சாரக் கார்களுக்கு இதுவரை கிடைத்த வரிச் சலுகைகளில் பல காரை வாங்குவோருக்கானவை. வாசலும் மீட்டரும் உள்ளவர் அவற்றை முழுமையாக அனுபவித்தார். பெட்ரோல் மானியம் என்றாவது ஒரு நாள் குறையும்போது, அதன் சுமை முதலில் விழப் போவது அடுக்குமாடியில் இருந்து பழைய பெட்ரோல் காரில் வேலைக்குப் போகிறவர் மேல். அவருக்கும் யூனிட் 50 சென்னுக்குச் சார்ஜ் கிடைக்க, மலிவு விலை அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்தில் டி.என்.பி.யின் வீட்டுக் கட்டணத்திலேயே இயங்கும் பொது இணைப்புகள் வேண்டும். ஜே.எம்.பி. ஆண்டுக் கூட்டங்களில் கலந்து கொள்ளும் குடியிருப்பாளர்களும், வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கும் சமூக அமைப்புகளும் இந்தக் கோரிக்கையை இப்போதே எழுப்பத் தொடங்கலாம். மானியம் குறைந்த பிறகு எழுப்பினால், அது காலங்கடந்த கோரிக்கையாகிவிடும்.