பழைய ரிவால்வர் விலைக்கு வருகிறதா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

புது ஸ்கூட்டர் வாங்கினால் ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே அதன் விலை இறங்கிவிடும். இந்தியாவில் வெளிநாட்டு ரிவால்வருக்கு மட்டும் கதை தலைகீழ். தாத்தா காலத்து வெப்ளியோ, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோ கைமாறும்போது, பிறந்த ஊரில் யாரும் கொடுக்கத் துணியாத விலையை இங்கே கொடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது நல்ல துப்பாக்கிதானா என்பது வேறு கேள்வி.

ஏன் இந்த விலை? 1980களின் மத்தியில் தனிநபர் உபயோகத்துக்கான துப்பாக்கி இறக்குமதியை மத்திய அரசு நிறுத்தியது. துப்பாக்கி சுடுதல் வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஆக, அதற்கு முன் நாட்டுக்குள் வந்த கைத்துப்பாக்கிகள்தான் நாற்பது வருடமாகச் சுற்றிச் சுற்றி வருகின்றன. எண்ணிக்கை கூடாது, குறையத்தான் செய்யும். நீங்கள் கொடுக்கும் பெரும்பகுதிப் பணம் இரும்புக்கு இல்லை, தட்டுப்பாட்டுக்கு. விலை அதிகம் என்றால் தரமும் அதிகம் என்ற வழக்கமான கணக்கு இங்கே செல்லாது.

இது எத்தனை பேரின் பிரச்னை என்று கேட்கலாம். 2016 இறுதிக் கணக்குப்படி நாட்டில் சுமார் 33 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அதில் 12.7 லட்சத்துக்கும் மேல் உத்தரப்பிரதேசத்தில் மட்டும். தமிழ்நாட்டில் சுமார் 22,500. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் எஸ்டேட் உரிமையாளர்கள், நகைக்கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் என்று வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது. அப்பாவின் ரிவால்வரை என்ன செய்வது என்று பிள்ளைகள் யோசிக்கிறார்கள். இதோடு 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஒப்படைக்க வேண்டும் அல்லது கைமாற்ற வேண்டும். பழைய துப்பாக்கிகள் வெளியே வர அதுவும் ஒரு காரணம்.

முதலில் காகிதம், பிறகுதான் இரும்பு

விற்பவர் தெரிந்தவர்தானே, கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று நினைக்கக் கூடாது. வாங்குபவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிமத்தில் ரிவால்வர் என்ற ரகமும் அதன் குண்டளவும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். தனிநபர் ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க, ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு ஒரு வழியைச் சொல்கிறது. மாவட்ட ஆட்சியருக்கோ, அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ, யாருக்கு விற்கப் போகிறேன் என்று பெயர், முகவரியோடு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும்.

அந்த 45 நாளைத் தொல்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். வாங்குபவருக்கு அது வரப்பிரசாதம் என்பேன். விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரிக்க அவகாசம் கிடைக்கிறதே!

விசாரிக்க என்ன இருக்கிறது? விற்பவரின் உரிமமே உண்மையா என்பது முதல் விஷயம். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக சிபிஐ விசாரித்த வழக்கு நினைவிருக்கலாம். அச்சடித்த புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி. இப்போது ஒவ்வொரு உரிமதாரருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் உண்டு. அந்த எண் இல்லாத உரிமத்தில் இருக்கும் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, துப்பாக்கியில் பொறித்த எண். உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணும், சட்டகத்தில் பொறித்திருக்கும் எண்ணும் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பல ரிவால்வர்களில் சிலிண்டரிலும் அதே எண் இருக்கும். எண் உள்ள இடம் மட்டும் சற்றுப் பள்ளமாகவோ, வேறு பளபளப்பிலோ தெரிந்தால் யாரோ அரத்தை வைத்திருக்கிறார்கள். அடையாள எண்ணை அழிப்பதும் திருத்துவதும், எண் இல்லாத துப்பாக்கியை விற்பதும் 8-வது பிரிவின்படி குற்றம்; எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்ததாகச் சட்டம் அனுமானிக்கும். 'எனக்குத் தெரியாது சார்' என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். பீகாரின் முங்கேர் பகுதியில் கள்ளத்தனமாகச் செய்யும் துப்பாக்கிகளில் வெளிநாட்டுப் பெயர்களைப் பொறிப்பது பழைய பழக்கம். எழுத்துகள் வரிசை கோணி, ஆழம் சீராக இல்லாமல் இருக்கும். சில சமயம் ஸ்பெல்லிங்கே தப்பு! இன்னொரு குழப்பமும் உண்டு. வெப்ளி பெயரில் உத்தரப்பிரதேசத்தின் சண்டீலாவில் இப்போது .32 ரிவால்வர் தயாராகிறது. அது சட்டப்படியான புதுத் துப்பாக்கி. பர்மிங்காமில் செய்த பழைய வெப்ளியும் அதுவும் ஒன்றல்ல. விலையும் ஒன்றாக இருக்க முடியாது.

குண்டளவில் ஏன் எல்லோரும் .32 என்கிறார்கள்? 9 எம்எம், .455 போன்றவை சாதாரண உரிமதாரருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். .32 அப்படியில்லை, தோட்டாவும் உள்நாட்டிலேயே தயாராகிறது. அபூர்வமான அளவில் ஒரு ரிவால்வர் மலிவாக வருகிறது என்றால், அதற்குத் தோட்டா எங்கே கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள்.

கையில் எடுத்ததும் என்ன செய்வது?

காலியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விற்பவர் 'காலிதான்' என்று சொன்னாலும், அவர் திறந்து காட்டியதையே பார்த்திருந்தாலும், உங்கள் கைக்கு வந்ததும் மறுபடி திறந்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள். விரல் ட்ரிகருக்கு வெளியே, முனை ஆளில்லாத பக்கம். மேஜையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. வெறும் துப்பாக்கியை இயக்கிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். பழைய துப்பாக்கியை வெறுமனே தட்டினால் ஊசி முறியலாம், அதனால் டம்மி தோட்டா போட்டுப் பார்ப்பது நல்லது. டார்ச் ஒன்றும், மெக்கானிக் கடையில் இருக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றும் கையோடு கொண்டு போங்கள்.

ரிவால்வரின் சங்கதி என்னவென்றால், பேரல் ஒன்று, தோட்டா இருக்கும் துளைகள் ஆறு. ஒவ்வொரு முறையும் ஒரு துளை சுழன்று வந்து பேரலுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை தவறினாலும் குண்டு பேரலின் விளிம்பில் உரசி, ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுபவரின் கையிலோ பக்கத்தில் நிற்பவர் முகத்திலோ படும். தேய்மானம் அதிகமானால் துப்பாக்கியே உடையலாம். அதனால் சோதனையின் உயிர்நாடி இந்த நேர்கோடுதான்.

ஹேமரை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நிற்கும் முன்போ, அதே நொடியிலோ சிலிண்டர் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரைக் கையால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஒரு துளையோடு நிறுத்திவிடாதீர்கள், ஆறுக்கும் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது தவறும் ரிவால்வர்கள் உண்டு. அடுத்து, டம்மி தோட்டாவோடு ட்ரிகரை இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டு, சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசான அசைவு சகஜம். கடகடவென்று ஆடினால் வேண்டாம்.

அப்படியே முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. 0.25-ஐத் தாண்டினால் கேள்வி கேளுங்கள். சிலிண்டரை முன்னே தள்ளும்போது ஒரு அளவு, பின்னே தள்ளும்போது வேறு அளவு என்று பெரிய வித்தியாசம் வந்தால், நிறையச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தியச் சந்தையில் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெப்ளியும், அதன் பாணியில் வந்த ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .32 ரிவால்வரும் நடுவில் மடிந்து திறப்பவை. பேரலை ஒரு கையிலும் பிடியை இன்னொரு கையிலும் வைத்து ஆட்டிப் பாருங்கள். கீல் தளர்ந்திருந்தாலோ, மேலே உள்ள கொக்கி முழுதாக விழாமல் இருந்தாலோ, எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். சுடும் விசை முழுவதையும் தாங்குவது அந்தக் கீலும் கொக்கியும்தான்.

ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னால் அழுத்துங்கள். அது விழக் கூடாது. விழுந்தால், தற்செயலாகக் கையிலேயே வெடிக்கக்கூடிய துப்பாக்கி அது. ஹேமர் இறங்கி, ட்ரிகரை விட்ட நிலையில் ஊசியின் முனை துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் அது தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டபடி இருக்கும். கீழே விழுந்தாலே வெடிக்கும்.

பேரலுக்குள் டார்ச் அடியுங்கள். தூசி, லேசான கறை எல்லாம் துடைத்தால் போகும். உள்ளே ஒரு இடத்தில் மோதிரம் போல இருண்ட வளையம் தெரிந்தால் அது வேறு விஷயம். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்து வீரியம் போன தோட்டாவைச் சுடும்போது, குண்டு பாதி வழியிலேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் உள்ளுக்குள் வீங்கும். வெளியே தடவிப் பார்த்தால் சில சமயம் விரலுக்கே தட்டுப்படும். பேரலின் பின்வாயில், சிலிண்டரை ஒட்டிய இடத்தில் விரிசல் இருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்தல் வந்தால் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, டீலரிடமோ ஒப்படைப்பது வழக்கம். உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் முடிவெடுக்கும் வரை வருடக்கணக்கில்கூட அங்கேயே கிடக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில், எண்ணெய் காணாத இரும்பு என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடியின் பலகைகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மேலே புது நிக்கல் பூச்சு மினுங்கும், பலகைக்கு அடியில் இரும்பு அரித்துக் குழி விழுந்திருக்கும். அறுபது வருடத் துப்பாக்கி கல்யாணப் பாத்திரம் போலப் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால், கைக்கு வந்த ஸ்க்ரூ டிரைவரால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள்.

அப்படியானால் புதிதே வாங்கிவிடலாமா?

யோசிக்க வேண்டிய கேள்விதான். 2014-ல் கான்பூரில் அறிமுகமான 'நிர்பீக்' .32 ரிவால்வரின் விலை அப்போது சுமார் 1.22 லட்சம் ரூபாய். எடை அரை கிலோதான், பெண்களுக்கானது என்று விளம்பரம் செய்தார்கள். 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை. கீல் தளரும் தொல்லை அதில் இல்லை. உள்நாட்டுத் துப்பாக்கி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் உதிரி பாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தொழிற்சாலை இருக்கிறது. பழைய வெளிநாட்டு ரிவால்வரில் ஒரு ஸ்ப்ரிங் போனால்கூட, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் அதைக் கையால் செய்துதான் போட வேண்டும். வாங்குபவர் பாதுகாப்பை நினைத்து வாங்குகிறார் என்றால் புதுசு பக்கம்தான் என் ஓட்டு. பழசின் மேல் ஆசை என்றால் அது வேறு, ஆசைக்கு விலை பேச முடியாது.

அப்பாவின் ரிவால்வர்தான் என்றால் விலைப் பேச்சே இல்லை. உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு உரிமம் கேட்க 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. அப்போதும் மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றையும் தவிர்க்காதீர்கள். அப்பா கடைசியாக அதை எப்போது சுட்டார் என்று கேட்டால் பல வீடுகளில் பதிலே வராது.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், உரிமம் வழங்கிய அலுவலகத்தில் துப்பாக்கியைக் காட்டி எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். சுட்டுப் பார்ப்பது அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும்தான். தோட்டத்தில், மொட்டைமாடியில், கல்யாண ஊர்வலத்தில் எல்லாம் கிடையாது. கொண்டாட்டத்துக்காகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. வாங்கிய பிறகு குறை தெரிந்து, வேறொருவருக்கு விற்க நினைத்தால் மறுபடியும் கடிதம், மறுபடியும் 45 நாள்.