பரிசு பெறாத பண்டிதர்

சென்ற பௌர்ணமி இரவு நாம் கிரிவலம் போயிருந்தோம். வழி 14 கிலோமீட்டர். நிருதி லிங்கம் வரையில் கால்கள் நம் பேச்சைக் கேட்டன. குபேர லிங்கத்தை நெருங்கும்போது அவை தனி ராஜ்யம் நடத்த ஆரம்பித்துவிட்டன. நம்முடன் நம் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனும் வந்திருந்தான். பரிசளிப்பு விழாவில் விஞ்ஞானப் பாடத்துக்கு உரிய பரிசு ஒரு மார்க்கில் கைநழுவிப் போனதிலிருந்து அவன் முகம் தெளியவில்லை. சாலையோரத்துத் திண்ணையில் உட்கார்ந்து நாம் காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருந்தபோது, "பரிசு கிடைக்காவிட்டால் படித்துத்தான் என்ன பிரயோஜனம், ஸார்?" என்று கேட்டான்.

வலிக்கிற காலையே பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு சரித்திரம் சொன்னோம். நேயர்களுக்கும் அதையே சொல்லுகிறோம்.

விளக்கு எண்ணெயால் எரிகிறது; கால் எதனால் நடக்கிறது? நூறு வருஷங்களுக்கு முன் இக்கேள்விக்கு விடை கண்டவராக உலகம் கொண்டாடியவர் ஆட்டோ மேயர்ஹோப் என்ற ஜெர்மானிய ஜீவரஸாயன பண்டிதர். தசை உழைக்கும்போது அதில், தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலம் உண்டாகிறது. இளைப்பாறும்போது பிராணவாயு செலவாகி அந்த அமிலம் மறைகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள கணக்கை அவர் நிர்ணயித்தார். 1922-ஆம் வருஷத்து வைத்திய நோபல் பரிசை ஆர்ச்சிபால்டு ஹில் என்ற ஆங்கிலேயரும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள். அமிலம் பிறப்பதுதான் தசையைச் சுருங்கச் செய்கிறது என்று அறிஞர்கள் முடிவு கட்டினார்கள்.

அதே 1922-ஆம் வருஷத்தில், சென்னையிலிருந்து சென்ற ஒரு வாலிபர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் போய் இறங்கினார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பா ராவ்.

அவர் 1895-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி, அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் இரு முறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து தேறினார். பிறகு சென்னை மெடிகல் காலேஜில் சேர்ந்தார். அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம். ரண சிகிச்சைக்கு அணியும் அங்கியைக்கூட சுப்பா ராவ் கதரிலேயே அணிந்து வந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. பரீக்ஷைகளை நன்றாக எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. சர்க்கார் வைத்திய இலாகாவிலும் இடம் இல்லை. ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சாஸ்திரம் போதிக்கும் உபாத்தியாயராக அமர்ந்தார்.

அதற்குள் குடும்பத்தில் இடி விழுந்தது. உண்டதெல்லாம் உடலில் ஒட்டாமல் போக்கி ஆளை உருக்கிவிடும் 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோய், அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அவரையும் அது பிடித்தது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார். அந்நோயை வெல்லும் வித்தையைக் கற்கவேண்டும் என்ற வைராக்கியத்தோடு, மனைவியை ஊரில் விட்டுக் கப்பலேறினார். அந்த அம்மாளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஸைரஸ் பிஸ்கே என்ற பேராசிரியரின் கீழ் வேலை செய்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்வரம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, இருவரும் 1925-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். சில திரவங்களைச் சேர்த்தால் நீல நிறம் ஏறும். நிறத்தின் அழுத்தமே கணக்கு. ஆனால் தசைச் சாற்றில் மட்டும் நிறம் உடனே ஏறாமல் நிதானமாக ஏறியது. வேறொருவராயிருந்தால், 'மருந்தில் ஏதோ பிசகு' என்று கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்திருப்பார். இவர்களோ அந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடினார்கள். எளிதில் சிதைந்து பாஸ்வரத்தை விடுவிக்கும் ஒரு பொருள் தசையில் ஒளிந்திருந்தது. அதுதான் பாஸ்போகிரியாட்டின். 1927-இல் இது வெளியாயிற்று. அவ்வருஷமே இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதிகளும் அதைத் தனியே கண்டிருந்தார்கள். 1929-இல், எல்லா உயிர்களுக்கும் கைச்செலவுப் பணம் போன்ற ஏ.டி.பி. என்ற பொருளையும் பிஸ்கேயும் சுப்பா ராவும் கண்டார்கள். அதே வருஷம் மேயர்ஹோப்பின் ஆராய்ச்சிசாலையில் கார்ல் லோமன் என்பவரும் கண்டார்.

1930-இல் டென்மார்க் தேசத்து லுண்ட்ஸ்கார்டு, அமிலம் சிறிதும் உண்டாகாமலே தசை சுருங்குவதையும், அப்போது பாஸ்போகிரியாட்டின் செலவாவதையும் காட்டினார். பரிசு பெற்ற கொள்கை சாய்ந்தது. மேயர்ஹோப்பும் ஹில்லும் என்ன செய்தார்கள்? உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அடிமுடி தேடிய கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாலோடு புகட்டியது. அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டவருக்கு இழுக்கு வரவில்லை. தாழம்பூவைப் பொய்ச்சாக்ஷிக்கு அழைத்தவருக்குத்தான் வந்தது.

பரிசு மேயர்ஹோப்பைக் காப்பாற்றவும் இல்லை. யூதர் என்ற காரணத்தால் 1938-இல் அவர் ஜெர்மனியை விட்டு ஓட நேர்ந்தது. பாரிஸும் வீழ்ந்தபின் 1940-இல் அமெரிக்கா சேர்ந்தார். அதே 1940-இல், ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டாத சுப்பா ராவ், லெடர்லே மருந்து ஆராய்ச்சிசாலைக்குப் போனார். அங்கேதான் அவர் வைராக்கியம் பலித்தது.

பம்பாய் மில் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகாலச் சோகைக்கு ஈஸ்டுச் சாறு குணம் தருவதை லூஸி வில்ஸ் என்ற ஆங்கில மாது முன்பே கண்டிருந்தார். அச்சாற்றிலிருந்த சத்துதான் போலிக் அமிலம். சுப்பா ராவின் குழுவினர் 1945-இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அதைச் சற்று மாற்றிச் செய்த அமினாப்டெரினைக் கொண்டு, 1948-இல் டாக்டர் பார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் குணம் உண்டாக்கினார். அதன் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட் இன்றும் கைகண்ட மருந்து. யானைக்கால் நோய்க்கு நம் ஜில்லாக்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.ஸி. மாத்திரையும் அங்கே பிறந்ததே. டெட்ராசைக்ளின் வகையில் முதலாவதான ஆரியோமைஸினை, அவர் தலைமையில் இயங்கிய அதே சாலையில் டக்கர் என்ற முதியவர் கண்டெடுத்தார்.

இதில் ஒரு விஷயம் நம் மனத்தை விட்டு அகலுவதில்லை. சகோதரர்களைக் கொன்ற அந்த ஸ்ப்ரூ நோய்க்கு இன்று வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகள் இரண்டு: போலிக் அமிலம் ஒன்று, டெட்ராசைக்ளின் மற்றொன்று.

1948 ஆகஸ்டில் தமது 53-ஆம் வயதில் அவர் தூக்கத்திலேயே காலமானார். நோபல் பரிசு வரவில்லை. 1995-இல் இந்திய சர்க்கார் அவர் உருவத்தோடு ஒரு தபால் தலை வெளியிட்டது. இன்றும் நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. உபாத்தியாயர்களாகிய நமக்கு அது ஒரு குறைதான். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே பரிசு பெற்றவர்களின் படங்கள் சுவரில் இருக்கின்றன. இவர் படம் இல்லை.

கதை முடிந்ததும் பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் கொடுக்கிற நீல மாத்திரையில் இருப்பது அந்தப் போலிக் அமிலம்தானே, ஸார்?" என்றான்.

"அதேதான், தம்பி. இரும்புச் சத்தும் அதுவும்."

"நான் அதைச் சாப்பிடாமல் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன், ஸார்."

நாம் கோபிக்கவில்லை. பரிசுக்காக ஏங்கியவன் வாயிலிருந்து, கேளாமலே ஓர் உண்மை வந்துவிட்டது. இனி எறியமாட்டான் என்று நம்புகிறோம். எழுந்து நடந்தோம். ஈசான்ய லிங்கம் வந்தபோது நம் கால் வலி குறைந்திருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் தாழம்பூவின் கதி நினைவுக்கு வருகிறது. வலி அப்படியேதான் இருந்தது. பையன்தான் முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தான்.